லிப்ட்காரர் மாட்டிய சிவப்பு அட்டை

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் லிப்ட் பெட்டிக்கு மேலே, நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், கிரீஸ் கையோடு உட்கார்ந்தபடி அவர் அந்தச் சபதத்தை எடுத்தார்.

“இனி என் வீட்டுக் கம்ப்யூட்டர்மேல் மச்சினன் கை படக் கூடாது. என்ன ஆனாலும் சரி, அதை நானே சரி செய்வேன்!”

சாட்சிக்கு அங்கே இருந்தவை நாலு இரும்புக் கயிறுகளும் ஒரு கரப்பான் பூச்சியும்தான். கயிறுகள் பேசாமல் இருந்தன. கரப்பான் பூச்சி உடனே இடத்தைக் காலி செய்தது. அவருடைய பழைய சபதங்களைப் பற்றி அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெருவில் எல்லோரும் அவரை லிப்ட்காரர் என்றுதான் சொல்வார்கள். தொழிலில் கெட்டிக்காரர். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நின்றாலும் அவருக்குத்தான் ஆள் வரும். கதவில் காதை வைத்துக் கேட்டே நோய் இன்னது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவர் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு லிப்ட் கிடையாது. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர் தன் வீட்டுக்கு மூச்சு வாங்கப் படியேறினார்.

அதைவிடப் பெரிய வேடிக்கை வீட்டுக்குள் இருந்தது. வெளியே அவர் தொட்டதெல்லாம் ஓடும். வீட்டில் அவர் தொட்ட எதுவும் அதற்குப் பிறகு ஓடியதில்லை. சுவர்க் கடிகாரம் அவர் கைபட்டுத் துணிப்பைக்குள் போனது. பை மட்டும் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, மணி பார்க்க வசதியில்லாமல். இஸ்திரிப் பெட்டி சூடாகும், ஆனால் கைப்பிடி மட்டும். முன்னறை மின்விசிறியை அவர் கழற்றிப் பூட்டிய நாள்முதல் அது கீழே இருக்கிறவர்களை விட்டுவிட்டுக் கூரைக்குக் காற்று வீசியது. ஒவ்வொரு ரிப்பேருக்குப் பிறகும் மூன்று நாலு ஸ்க்ரூ மிச்சமாகும். “தயாரிச்சவன் தேவைக்கு மேல போட்டிருக்கான்” என்பார் லிப்ட்காரர். மனைவி அவற்றைப் பொறுக்கி ஒரு பாட்டிலில் போட்டு வைத்தாள். பாட்டில் கழுத்துவரை வந்துவிட்டது.

மச்சினன், அதாவது மனைவியின் ஒரே தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். நல்ல பையன். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, சிரிப்பதைத் தவிர. மின்விசிறி கூரைக்கு விசிறிய அன்று அவன் வந்திருந்தான். அண்ணாந்து பார்த்தான். “ஏன் அத்தான், லிப்டுல மேல போற பட்டனை அமுக்கினா கீழே போகுமா?” என்று கேட்டான். கேட்டதோடு விட்டானா, சோபாவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு லிப்ட்காரரின் காதைவிட்டு இன்னும் இறங்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

மனைவி வீட்டிலிருந்தே எம்பிராய்டரி வேலை செய்தாள். முன்னறையில் பாதியை அந்த மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. படத்தைக் கம்ப்யூட்டரில் வரைவாள். வரைந்ததைப் பென் டிரைவில் ஏற்றுவாள். பென் டிரைவை மெஷினில் சொருகினால், ஊசி தானாகவே நூலால் படத்தைத் துணியில் போட்டுவிடும். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் வயதாகிவிட்டது. பட்டனை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஒரு நீச்சல் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. பிள்ளைகளின் துண்டுகளில் தைக்க அறுபது சின்னங்கள். அலையிலிருந்து ஒரு டால்பின் துள்ள வேண்டும். “சனிக்கிழமைக்குள்ள சுத்தமா முடிச்சுக் குடுங்க. பிடிச்சுதுன்னா வருஷம் பூரா உங்களுக்குத்தான் வேலை” என்று சொல்லியிருந்தார் பள்ளிப் பொறுப்பாளர் அம்மா.

வருஷம் பூரா வேலை என்றால், கட்டடத்தின் கீழே பூட்டிக் கிடந்த சின்னக் கடையை வாடகைக்கு எடுத்துவிடலாம். மனைவி படியிறங்கும்போதெல்லாம் அந்தக் கடையின் ஷட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாள். ‘இருக்கியா? இரு, வந்துடறேன்’ என்று சொல்வதுபோல் இருக்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம் லிப்ட்காரர் சபதத்தோடு வீட்டுக்கு வந்தபோது, மனைவி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு திரைமுன் உட்கார்ந்திருந்தாள்.

“என்னங்க, டால்பின் வால்ல நின்னுடுச்சு.”

“எந்த டால்பின்?”

“இந்த வீட்டுல எத்தனை இருக்கு? தலை வந்துச்சு, முதுகு வந்துச்சு, வால் வரலை. அதுக்கு வால் வர்றதுக்குள்ள எனக்கு வால் முளைச்சிடும்.”

“அதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடு.”

“காலையிலேர்ந்து அது ஓய்வாத்தான் இருக்கு. நான்தான் வேலை செய்யறேன். தம்பியை வரச் சொல்லப் போறேன்.”

“யாரை?”

“தம்பியை.”

“இங்க நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்.”

“அதனாலதான் சீக்கிரமா வரச் சொல்லணும்.”

லிப்ட்காரர் நேராகப் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து டூல்ஸ் பெட்டியை இழுத்தார். அந்தச் சத்தம் மனைவிக்கு நன்றாகப் பழகின சத்தம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“எதுக்கு அது?”

“பெட்டியைத் திறந்து பார்க்கத்தான்.”

“வேண்டாங்க. சனிக்கிழமை வரைக்கும் திறக்காதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்.”

“ஆயிரம் கிலோ லிப்டைக் கழட்டி மாட்டறவன் நான். இது என்ன, கைப்பிள்ளை மாதிரி இருக்கு.”

“லிப்ட் நின்னா படியில போயிடுவாங்க. இது நின்னா நான் எதுல போறது?”

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. “சரி, காலையில பார்த்துக்கலாம்” என்று அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மனைவி மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துவரப் போனாள். கொடியில் இருந்தவை நாலே துணிகள். அவற்றை எடுத்துவர அவளுக்கு அரைமணி நேரமானது. லிப்ட்காரர் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை மாடி வீட்டுப் போஸ்ட்மாஸ்டர் பேப்பர் இரவல் வாங்க வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தனக்கு வந்த கடிதத்தைவிட அடுத்தவருக்கு வந்த செய்தியில் அக்கறை அதிகம்.

“என்ன சார், விடிஞ்சதும் விடியாததுமா ஆயுதத்தோட?”

“கம்ப்யூட்டருக்கு ஆபரேஷன் சார்.”

“அடடா, எடுத்த எடுப்பில கத்தியா? பென் டிரைவ் வைத்தியம் பண்ணிப் பார்த்தீங்களா?”

“அது என்ன வைத்தியம்?”

போஸ்ட்மாஸ்டர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உங்க கம்ப்யூட்டருக்கு ஞாபகம் கம்மி. எதை எடுக்கணும்னாலும் உள்ளே கிடங்குக்கு ஓடணும், திரும்பி வரணும். ஒரு பென் டிரைவைச் சொருகி, ‘அடிக்கடி தேவைப்படறதை இதுல வச்சுக்கோ’ன்னு சொல்லிட்டீங்கன்னா, கைக்கு எட்டற தூரத்துல ஒரு அலமாரி கிடைச்ச மாதிரி. என்ன, அலமாரி பழக மூணு நாளாகும். அந்த மூணு நாளும் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. திறந்தா பழகினதெல்லாம் போச்சு.”

சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அது டீக்கான பார்வை என்று லிப்ட்காரர் நினைத்தார். டீயும் வந்தது, அதுவும் வழக்கத்தைவிடப் பெரிய டம்ளரில்.

லிப்ட்காரர் துள்ளி எழுந்தார். கத்தியில்லாத வைத்தியம்! மச்சினன் கடையில் உள்ள அத்தனை கருவிகளையும் ஒரு கட்டைவிரல் அளவுச் சாமான் தோற்கடிக்கப் போகிறது!

“இங்க பாரு, மூணு நாள் குடு. கம்ப்யூட்டர் பறக்கும்.”

“பறக்கலைன்னா?” என்றாள் மனைவி.

“என் டூல்ஸ் பெட்டியை நீயே எடுத்துக்கோ. அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தொட மாட்டேன்.”

“பறந்துட்டா?”

“உன் தம்பி இந்தக் கம்ப்யூட்டர்மேல கை வைக்கக் கூடாது. என்னைக்குமே.”

“சம்மதம்” என்றாள் மனைவி. ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லை. போஸ்ட்மாஸ்டர் டம்ளருக்குள் இருமினார்.

பொத்தான் டப்பாவில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. முன்பு வீட்டுக்கு வண்ணம் அடித்தபோது பெயிண்ட் கடையில் இலவசமாகக் கொடுத்தது. குட்டிப் பெயிண்ட் டப்பா வடிவத்தில், மூடிகூட இருந்தது. லிப்ட்காரர் அதைக் கம்ப்யூட்டரின் முன்பக்கம் சொருகினார். போஸ்ட்மாஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி அதன் பெயர்மேல் வலது பட்டனை அமுக்கி, விவரப் பக்கத்தைத் திறந்து, வேகம் கூட்டும் பகுதிக்குப் போனார். கம்ப்யூட்டர் யோசித்தது. யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னது: இந்தச் சாதனத்தின் வேகம் போதாது.

லிப்ட்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது.

“யாரு யாரைச் சொல்றது பாரு! காலையில போட்டா சாயங்காலம் எழுந்திருக்கிற நீ, வேகம் போதாதுன்னு சொல்றியா?”

“அதுகிட்ட ஏன் சண்டை போடறீங்க?”

“பின்ன? பேச்சுன்னா ஒரு நியாயம் வேண்டாமா?”

பிடுங்கினார், ஊதினார், மறுபடி சொருகினார். வேகம் போதாது. முன்பக்கத் துளைக்கு நீளமான ஒயர் போகிறது, அதில்தான் கோளாறு என்று கண்டுபிடித்துப் பின்பக்கத்துக்கு மாற்றினார். மேஜைக்கு அடியில் தவழ்ந்து போனதில் தலையில் ஒரு இடி. வேகம் போதாது. அணைத்துப் போட்டார். மறுபடி சோதிக்கச் சொன்னார். போதாது, போதாது, போதாது.

“முயற்சி பண்ணுங்க. அதான் மூணு நாள் இருக்கே” என்று மனைவி மிகவும் அன்பாகச் சொன்னாள். கல்யாணமான புதிதில் பேசியதுபோல் இருந்தது.

புதன்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவருக்குப் பொறி தட்டியது. மோட்டார் நன்றாக இருந்தும் லிப்ட் தவழ்ந்தால் குற்றவாளி யார்? பிரேக். துளையில் கோளாறில்லை, கம்ப்யூட்டரில் கோளாறில்லை. அந்த ஓசிப் பெயிண்ட் டப்பாதான் மந்தம்! நல்ல சாமானாக ஒன்று வேண்டும்.

சுற்றிப் பார்த்தார். எம்பிராய்டரி மெஷினின் விலாவில் கறுப்பாக ஒன்று சொருகியிருந்தது. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். எடுத்தார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகினார். வேகம் பரவாயில்லை, ஆனால் உள்ளே இடம் போதாது என்றது கம்ப்யூட்டர். சரி, துடைத்துவிடலாம் என்று அதற்குரிய கட்டளையைக் கொடுத்தார். ‘உள்ளே உள்ள அனைத்தும் அழிந்துவிடும். சம்மதமா?’ என்று கேட்டது. லிப்ட்காரர் ஒரு கணம் நெகிழ்ந்துபோனார். அந்த வீட்டில் அவருடைய சம்மதத்தை யாரும் கேட்டு வெகுகாலமாகிவிட்டது. மரியாதைக்காகவாவது சம்மதிக்க வேண்டும் அல்லவா? சம்மதம் என்று அமுக்கினார்.

இந்தத் தடவை கம்ப்யூட்டர் மறுக்கவில்லை. எவ்வளவு இடம் தரலாம் என்று கேட்டது. முழுவதையும் கொடுத்தார். பென் டிரைவின் நீல விளக்கு மினுக் மினுக்கென்றது. லிப்ட்காரர் மேஜைக்கு அடியிலேயே படுத்தபடி கை தட்டினார்.

பிறகு தன் வேலைப் பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, நூலால் அந்தப் பென் டிரைவில் கட்டினார். லிப்ட் வேலையின்போது மெயின் சுவிட்சில் தொங்கவிடும் அட்டை. மேலே கொட்டை எழுத்தில் ‘வேலை நடக்கிறது. தொடாதே!’ கீழே இரண்டு வரி: மாட்டியவர், கழற்றும் நாள். மாட்டியவர் என்ற இடத்தில் ‘தலைமை மெக்கானிக்’ என்று எழுதினார்.

மனைவி ஈரத் தலையோடு வந்தாள்.

“மெஷின்ல இருந்த பென் டிரைவ் எங்கே?”

லிப்ட்காரர் பெருமையோடு மேஜைக்கு அடியில் விரலை நீட்டினார். மனைவியின் முகம் வெளுத்தது. அந்த வாரத்தில் அவள் கணக்கில் இல்லாமல் நடந்தது அது ஒன்றுதான்.

“ஐயோ, அதுல டால்பின் இருந்துச்சே!”

“கம்ப்யூட்டருக்குள்ளயும் இருக்குல்ல?”

“இருக்கு. ஆனா அங்கேர்ந்து மெஷினுக்கு எதுல எடுத்துட்டுப் போறது? இந்தக் கிழ மெஷின் அது ஒண்ணைத்தான் படிக்கும். குடுங்க அதை.”

“தொடாதே! அட்டையைப் பார்த்தியா? எங்க தொழில்ல இதுதான் சட்டம். சிவப்பு அட்டையை மாட்டினவன்தான் கழட்டணும். முதலாளியே வந்தாலும் கை வைக்கக் கூடாது. உள்ளே ஆள் இருக்கான்னு தெரியாம ஒருத்தன் சுவிட்சைப் போட்டுட்டா என்ன ஆகும்? உயிர் சமாச்சாரம்.”

மனைவி அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்துக்கு மெல்ல ரத்தம் திரும்பியது.

“யாரு மாட்டினாலும் இதே சட்டம்தானா?”

“யாரா இருந்தாலும். நேத்து சேர்ந்த கத்துக்குட்டி மாட்டினாலும் நான் தொட மாட்டேன். இருபத்தஞ்சு வருஷமா ஒரு தடவைகூட மீறினதில்லை.”

“நல்ல சட்டம்ங்க” என்றாள் மனைவி.

வியாழக்கிழமை சாயங்காலம் லிப்ட்காரர் படியேறி வந்து, ஒரு காலிலிருந்து சாக்ஸைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினார். மற்றக் காலுக்குக் குனிந்து நிமிர்வதற்குள் திரை விழித்துக்கொண்டது! வட்டம் சுற்றவில்லை. டால்பினைக் கூப்பிட்டார். தலை, முதுகு, வால், அலை, தண்ணீர்த் துளி எல்லாம் ஒன்றாகக் குதித்து நின்றன.

“அம்மாடியோ! இங்க வா! வால் வந்துடுச்சு!”

மனைவி கை துடைத்துக்கொண்டு வந்தாள். “அட, ஆமாங்க” என்றாள்.

“நான் என்ன சொன்னேன்?”

“பறக்கும்னு சொன்னீங்க.”

“பறக்குதா?”

“பறக்குதுங்க.”

அவர் ஒற்றைச் சாக்ஸோடு அறை முழுவதும் நடந்தார். அப்போது ஊசி டப்பாவில் ஏதோ கண்ணில் பட்டது.

“என் சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஏன் இங்கே கிடக்கு?”

“நூல் சிக்கலாயிடுச்சு. அதால எடுத்தேன்.”

“ஸ்க்ரூ டிரைவரால நூல் சிக்கெடுக்கிற ஆளை உலகத்துல நான் பார்த்ததே இல்லை” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் மெஷின் துடைக்கும் பிரஷ் தூசி அப்பிக் கறுத்துக் கிடந்தது. வெற்றி பெற்ற மனிதன் பிரஷ்ஷையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

“மெஷினுக்குப் பென் டிரைவ் வேணும்னியே?”

“கிடைச்சுடுச்சு.”

“பார்த்தியா? தேடினா எல்லாம் கிடைக்கும்.”

வெள்ளிக்கிழமை முழுவதும் மெஷின் ஓயாமல் தைத்தது. அறுபது டால்பின்கள் சோபாவிலும் கட்டிலிலும் துள்ளின. சனிக்கிழமை மனைவி அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கீழேயே நின்று ஷட்டரைத் தட்டினாள். ஒரு தட்டு அல்ல, படபடவென்று பத்துத் தட்டு. மூன்றாம் மாடியில் இருந்த லிப்ட்காரருக்குக் கேட்டது. வருஷம் பூரா வேலை!

“ஞாயித்துக்கிழமை தம்பியைச் சாப்பிடக் கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள்.

வேறு நாளாக இருந்தால் லிப்ட்காரருக்கு அன்றைக்கு அவசர வேலை வந்திருக்கும். இப்போதோ, “கட்டாயம் கூப்பிடு. போஸ்ட்மாஸ்டரையும் கூப்பிடு” என்றார். சாட்சி வேண்டும் அல்லவா? கரப்பான் பூச்சியை நம்பிப் பயனில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தட்டில் தானே கறித்துண்டுகளை எடுத்துப் போட்டார்.

“சாப்பிடு மாப்ளே. நீ கம்ப்யூட்டர் கடை எத்தனை வருஷமா வச்சிருக்கே?”

“பத்து வருஷம் இருக்கும் அத்தான்.”

“பத்து வருஷமா எல்லாத்தையும் பெட்டியைத் திறந்துதான் பார்க்கறியா?”

“ஆமா அத்தான்.”

“அங்கதான் தப்புப் பண்றே. கம்ப்யூட்டருக்கு என்ன குறை? கைக்கெட்டற தூரத்துல ஒரு அலமாரி இல்லை. அதுதான் குறை.”

“அப்படியா அத்தான்?”

மச்சினன் தலை நிமிராமல் சாப்பிட்டான். லிப்ட்காரர் துளை மாற்றியதையும், பெயிண்ட் டப்பாவின் மந்தத்தையும், பிரேக் தத்துவத்தையும் வரிசையாகச் சொன்னார். “அப்படியா அத்தான்? ஓகோ அத்தான்” என்று மச்சினன் கேட்டுக்கொண்டான். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. லிப்ட்காரருக்கு அவன்மேல் பாசம் பொங்கியது. பையன் திருந்திவிட்டான்.

“சொன்னா போதாது. கண்ணால பாரு. கம்ப்யூட்டர் இப்போ பறக்குதா? நான் இந்தப் பென் டிரைவைப் பிடுங்கறேன். அடுத்த நிமிஷம் எறும்பு மாதிரி ஊரும்.”

மனைவி சட்டென்று எழுந்தாள். “வேண்டாங்க. சாப்பாடு ஆறுது.”

“ஆறட்டும்.”

“அட்டை மாட்டியிருக்கீங்களே.”

“மாட்டினவன் நான். கழட்டற உரிமை எனக்கு இருக்கு.”

மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். சிவப்பு அட்டையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, வெற்றிக் கொடிபோல் உயர்த்தினார்.

“பாருங்க!”

எல்லோரும் பார்த்தார்கள். அட்டையின் நுனியில் கட்டியிருந்த நூலில் ஒரு குட்டிப் பெயிண்ட் டப்பா ஊசலாடியது.

கம்ப்யூட்டரில் டால்பின் இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு இம்மிகூட மெதுவாகவில்லை.

லிப்ட்காரர் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார். வேகம் போதாது என்று அவர் கண்முன்னாலேயே கழித்துக்கட்டப்பட்ட அதே டப்பா.

“என் பென் டிரைவ்?”

“மெஷின்ல இருக்குங்க. நீங்க அதை மாத்தி வச்சிருந்தீங்களா, மெஷின் படிக்கலை. பழையபடி மாத்தி, டால்பினை ஏத்தி, வியாழக்கிழமையே சொருகிட்டேன்.”

“அட்டையைத் தொடக் கூடாதுன்னு சொன்னேனே!”

“இருந்த இடத்தை விட்டு அதை அசைக்கலைங்க. நூலுக்குக் கீழே இருந்ததைத்தான் மாத்தினேன்.”

“அப்போ... இவ்வளவு வேகம் எப்படி வந்துச்சு?”

மனைவி முந்தானையைத் திருகினாள். மச்சினன் தட்டைப் பார்த்தான். போஸ்ட்மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார். கடைசியில் மச்சினன்தான் சொன்னான்.

“நான் கை வைக்கலை அத்தான். சத்தியமா இந்தப் பக்கமே வரலை. கூடுதல் மெமரின்னு சீப்பு மாதிரி ஒரு பச்சைத் தகடு, அதைப் பார்சல்ல அனுப்பினேன். வந்து சேர மூணு நாளாகும்னு அக்காகிட்டச் சொன்னேன். அவ்வளவுதான்.”

மூணு நாள். லிப்ட்காரர் மெல்லத் திரும்பிப் போஸ்ட்மாஸ்டரைப் பார்த்தார்.

“அலமாரி பழக மூணு நாள்?”

“பார்சல் வர்றதைப் பத்தி நான் தப்பாச் சொல்வேனா சார்?” என்றார் போஸ்ட்மாஸ்டர். “மொட்டை மாடியில உங்க வீட்டு அம்மா வந்து கேட்டாங்க. அது வர்ற வரைக்கும் உங்க கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கக் கூடாதுன்னாங்க. டீ வேற பெரிய டம்ளர்ல தர்றேன்னுட்டாங்க.”

“அப்போ பெட்டியைத் திறந்தது யாரு?”

“நான்தாங்க” என்றாள் மனைவி. “தம்பி போன்ல சொல்லச் சொல்லத் திறந்தேன். உள்ளே ஒரு மூட்டைத் தூசி. மெஷின் பிரஷ்ஷால தட்டினேன். தகட்டை வச்சு அமுக்கினேன், டக்குனு உட்கார்ந்துச்சு. மூடிட்டேன்.”

“ஸ்க்ரூ எத்தனை மிச்சமாச்சு?” அவர் குரலில் கடைசி நம்பிக்கை இருந்தது.

“ஒண்ணுகூட இல்லைங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது. பெயிண்ட் டப்பா மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மின்விசிறியின் காற்று இல்லை. அதுதான் கூரைக்கு வீசிக்கொண்டிருந்ததே.

மச்சினன் எழுந்து வந்து அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

“அத்தான், நீங்க சொன்ன அலமாரி பொய்யில்லை. மெமரி கிடைக்காத பழைய பெட்டிக்கு நானே அதைப் பண்ணியிருக்கேன். வேகம் போதலைன்னா துளையை மாத்தணும், அப்புறம் பென் டிரைவையே மாத்தணும்னு யாரும் சொல்லாம நீங்களாக் கண்டுபிடிச்சீங்களே, என் கடையில அது தெரிய எனக்கு ஆறு மாசம் ஆச்சு. உங்க வைத்தியத்துல தப்பில்லை. மருந்தைத்தான் அக்கா எடுத்துட்டா.”

லிப்ட்காரர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். கேலி இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பிறகு கையில் இருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார். உள்ளேயிருந்து எதுவோ கிளம்பி வந்தது. முதலில் தும்மல் என்று நினைத்தார். சிரிப்பு! அவர் தொடங்கியதும் மச்சினன் சேர்ந்துகொண்டான். போஸ்ட்மாஸ்டருக்குக் கைக்குட்டை போதவில்லை. மனைவி சிரித்துக்கொண்டே மறுபடி எல்லோருக்கும் பரிமாறினாள்.

அடுத்த வாரமே கீழ்க்கடைக்குச் சாமான் இறங்கியது. லிப்ட் இல்லாத மாடியிலிருந்து எம்பிராய்டரி மெஷினை லிப்ட்காரர் ஒரு முனையும் மச்சினன் ஒரு முனையுமாகத் தூக்கினார்கள்.

“மெதுவா அத்தான், திருப்பம் வருது.”

“எனக்குத் தெரியாதா மாப்ளே? ஏத்தி இறக்கறதுதானே என் தொழில்.”

மெஷினைக் கடை வாசலில் இறக்கி வைத்தார்கள். மனைவி சாவியைப் போட்டாள். பூட்டுத் திறந்தது, ஷட்டர் அசையவில்லை. எவ்வளவோ காலமாக மூடிக் கிடந்ததல்லவா, பாதியில் கவ்விக்கொண்டது. லிப்ட்காரரின் முகம் மலர்ந்தது. கதவு! அதுவும் மேலும் கீழும் போகும் கதவு! இதைவிட அவருக்கு உரிய வேலை உலகத்தில் உண்டா?

“யாரும் தொடாதீங்க. ரெண்டு நிமிஷம்!”

இரண்டிரண்டு படியாகத் தாவி மூன்று மாடியும் ஏறினார். கட்டிலுக்கு அடியிலிருந்து டூல்ஸ் பெட்டியை இழுத்தார். இழுத்த கை அப்படியே நின்றது.

பெட்டியின் கைப்பிடியில் சிவப்பு அட்டை தொங்கியது. வேலை நடக்கிறது. தொடாதே! மாட்டியவர் என்ற இடத்தில் ‘மனைவி’ என்று இருந்தது. கழற்றும் நாள் என்ற இடத்தில் அழகான எழுத்தில், ‘முன்னறை மின்விசிறி கீழே வீசும் நாள்’ என்று இருந்தது.

லிப்ட்காரர் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார். குனிந்து பெட்டியைப் பார்த்தார். விசிறியைச் சரி செய்ய வேண்டுமானால் பெட்டியைத் திறக்க வேண்டும். பெட்டியைத் திறக்க வேண்டுமானால் விசிறி சரியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நிற்பதுபோல், வெகுநேரம் நின்றார். கை இரண்டு தடவை அட்டைவரை போனது. இருபத்தைந்து வருஷத்துச் சட்டம். மீறினதே இல்லை.

கீழேயிருந்து கடகடவென்று ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. தொடர்ந்து மனைவியின் குரல்.

“என்னங்க! தையல் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டேன், திறந்துடுச்சு. நான் பெயர்ப்பலகை மாட்டணும், சீக்கிரம் வாங்க!”

ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், ஏணியைப் பிடிக்கப் படியிறங்கினார்.